பழைய விமானம்: புதுப்பிப்பதா, அப்படியே காப்பதா?

பலகையை மாற்றினால் பழைய படகு மறுபடி கடலுக்குப் போகும். லாங் ஐலண்ட் மக்களுக்கு இது தெரியும். ஆனால் அது தாத்தா செய்த படகு என்றால்? எல்லாப் பலகைகளையும் மாற்றிவிட்டால் தாத்தாவின் கைவேலை போய்விடும். மாற்றாவிட்டால் படகு ஓடாது.

அருங்காட்சியகத்தில் உள்ள போர் விமானங்களுக்கும் இதே கேள்வி வருகிறது.

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. 1942 மார்ச் மாதம் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தனர். 1945 வரை நம் தீவுகள் அவர்கள் கையில் இருந்தன. அந்தப் போரில் பறந்த விமானங்களில் இன்று சிலவே மிஞ்சியுள்ளன.

பறக்கும் விமானம்

டகோட்டா என்பது ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் விமானம். பத்தாயிரத்துக்கு மேல் செய்தார்கள். அதில் ஒன்றை இங்கிலாந்தில் பழுது பார்த்தார்கள். அது 2018-இல் பறந்தே இந்தியா வந்தது. இப்படிப் பறக்க வேண்டுமானால் தேய்ந்த பாகங்களை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுபவர் உயிருக்கு ஆபத்து.

பறக்காத விமானம்

டெல்லி பாலத்தில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 'ஓகா' என்ற சிறிய ஜப்பானிய விமானம் உள்ளது. அதில் குண்டு நிரப்பியிருப்பார்கள். விமானி அதை எதிரிக் கப்பல் மீது மோதுவார். அவரும் இறந்துபோவார். உயிரோடு திரும்ப வழியே இல்லை.

இத்தகைய விமானம் பறக்க வேண்டாம். பார்த்தவர் போரின் கொடுமையை உணர்ந்தால் போதும். அதன் பழைய வண்ணமும் கீறலும்கூடச் சாட்சிகள். ஓகாவின் இறக்கை மரத்தால் ஆனது. மரத்துக்கு ஈரமும் கரையானும் பகை. உலோகத்துக்குத் துரு பகை. இவை அண்டாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

எது சரி?

ஒரே வகையில் பல விமானங்கள் இருந்தால் ஒன்றைப் புதுப்பித்துப் பறக்க விடலாம். சிலவே இருந்தால் அப்படியே காப்பது நல்லது. எதை மாற்றினாலும் முதலில் படம் எடுக்க வேண்டும். கழற்றிய பாகத்தை எறியக் கூடாது. பெயர்ச்சீட்டு கட்டி வைக்க வேண்டும். புது வண்ணத்தை எப்போது வேண்டுமானாலும் பூசலாம். சுரண்டிய பழைய வண்ணம் திரும்பி வராது.

போர்ட் பிளேரில் ஜப்பானியர் கட்டிய பதுங்கு அறைகள் இன்றும் உள்ளன. அவையும் சாட்சிகளே. அவற்றின் சுவரில் பெயர் கிறுக்க வேண்டாம். கல்லைப் பெயர்க்க வேண்டாம்.

பேசிப் பாருங்கள்

1. ஓகா விமானத்தை ஏன் பறக்க விட வேண்டாம்?
2. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது? அதைப் புதுப்பிப்பீர்களா, அப்படியே வைப்பீர்களா? ஏன்?