“நான் குடிப்பதில்லை, கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி”

 

காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பார்க்க வெளியூர் உறவினர்கள் வந்தால் வனத்துறைப் படகில் ஏற்றிக் காட்டுகிறோம். அமைதியான கடல். ஆனால் இதே பாக் விரிகுடாக் கரையில் கஞ்சாவும் ‘ஐஸ்’ எனும் மெத்தாம்பெட்டமைனும் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. இன்று குடிப்பவரைப் பற்றி மட்டும் பேசப் போவதில்லை. சுமப்பவரைப் பற்றியும் பேச வேண்டும்.

“ஒரே ஒரு நடை, நான் தொடக்கூட மாட்டேன்” என்று சொல்லும் தம்பிகள் இருக்கிறார்கள். மது விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. பிழிபவர், பிழியச் சொன்னவர், குடிப்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் காசை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். பத்தில் குடிப்பவர் ஒருவர்தான். அந்தக் காசில் வீட்டுக்கு அரிசி வாங்குபவரும் பட்டியலில் இருக்கிறார்!

நாட்டுச் சட்டமும் இதையேதான் பார்க்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கடத்துவதும் விற்பதும் ஒரே தண்டனை. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. ஐஸுக்கு அந்த எல்லை 50 கிராம், ஒரு கைப்பிடி கடலை அளவுதான். ஜாமீன் எளிதில் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர் நிரூபிக்காவிட்டால் படகும் போய்விடும்.

2011இல் தங்கச்சிமடத்து மீனவர் ஐவர் ஹெராயின் வழக்கில் இலங்கையில் கைதானதை நம் மாவட்டம் மறந்திருக்காது. தாங்கள் குற்றமற்றவர்கள் என்றே அவர்கள் சொன்னார்கள். 2014 அக்டோபரில் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நவம்பரில் அதிபரின் மன்னிப்பில் வீடு திரும்பினார்கள். இடையே ஏறக்குறைய மூன்று வருடம் ஐந்து வீடுகள் எப்படிக் கழித்திருக்கும்? குற்றமற்றவர் என்று சொன்னவருக்கே இந்த நிலை என்றால், தெரிந்தே சுமப்பவரின் தாய்க்கு என்ன நிலை?

சரி, நாம் சுமந்த சரக்கு போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது? ஐஸ் எடுப்பவர் நாள் கணக்கில் தூங்குவதில்லை. இதயம் தாறுமாறாக அடிக்கிறது. சந்தேகம் முற்றி, இல்லாத குரல்கள் காதில் கேட்கின்றன. அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம் மதுவோடு சேர்த்துப் பகையையும் வெறுப்பையும் குறிப்பிடுகிறது. போதையில் இருப்பவர் உள்ள வீட்டில் ஒரு இரவு தங்கிப் பாருங்கள், அதன் பொருள் விளங்கும்.

இன்னொரு ஹதீஸையும் சொல்லாமல் இறங்கினால் அநீதி. குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். இது புகாரியில் உள்ளது. செயல் சபிக்கப்பட்டது, ஆனால் அந்த மனிதரைக் கைவிடவில்லை. நம் மஹல்லாவில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். குடித்துத் தடுமாறும் பிள்ளையைப் பள்ளி வாசலில் முறைக்கிறோம், சரக்குக் காசில் வீடு கட்டியவரை முன் வரிசையில் உட்கார வைக்கிறோம்.

பெற்றோர்களே, பல வருடம் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி வைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து தயங்க வேண்டாம். போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்கோ சிறிய அளவில் வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், அதே சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது போய்விடலாம், கவனம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.