விற்கப் போற வீட்டுக்கு முதல் வேலை பெயிண்ட் இல்ல!



நம்ம வீடுகள்ல சும்மா யாரும் வீட்டை விக்கிறது இல்ல. அக்கா கல்யாணம், பழைய கடன், மருத்துவச் செலவு, சொத்துப் பிரிவினைன்னு ஏதோ ஒரு நெருக்கடி பின்னாடி இருக்கும். அந்த நேரத்துல புரோக்கர் வந்து, "சார், ஒரு பெயிண்ட் அடிச்சு விடுங்க, விலை ஏறிடும்"னு சொல்லிட்டுப் போவார். அப்பாவும் கைமாத்து வாங்கி பெயிண்ட் அடிப்பார். அடுத்த மழையில அதே இடத்துல ஓதம் மறுபடி தெரியும். வாங்க வர்றவர் அதைக் காட்டியே லட்சக்கணக்குல குறைப்பார்.

வீட்டுல சிவில் படிக்கிற பிள்ளை நீங்க இருந்தா, இந்த இடத்துல உங்க படிப்புக்கு வேலை இருக்கு. மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களும் தாராளமா படிக்கலாம். பெரிய கணக்கு எதுவும் இல்ல. நம்ம ஊர்ல இருக்கிற 20 வருஷத்து தனி வீடு ஒண்ணை உதாரணமா எடுத்துக்கலாம்.

விலை எங்கிருந்து வருது?

வாங்குறவர் பேங்க் லோன் போட்டா, பேங்க் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் மனை மதிப்பைத் தனியா, கட்டட மதிப்பைத் தனியா போட்டுக் கூட்டுவார். எஸ்டிமேஷன் பாடத்துல படிச்ச அதே தேய்மானக் கணக்குதான்.

கீழே இருக்கிற விலை எல்லாம் கணக்குக்காக வச்சது. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

மனை: 1200 சதுர அடி × ரூ.2500 = ரூ.30 லட்சம்
கட்டடம், இன்னைக்குப் புதுசா கட்டினா: 1000 சதுர அடி × ரூ.1800 = ரூ.18 லட்சம்
ஆயுள் 60 வருஷம், கடைசியில மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம்னு வச்சா, வருஷத் தேய்மானம்: 16.2 லட்சம் ÷ 60 = ரூ.27,000
20 வருஷத் தேய்மானம்: ரூ.5.4 லட்சம்
கட்டடத்தின் இன்றைய மதிப்பு: ரூ.12.6 லட்சம்
மொத்தம்: ரூ.42.6 லட்சம்

இதுல 70 சதவீதம் மனைதான். அதை நம்மால மாத்த முடியாது. மிச்சம் இருக்கிற 30 சதவீதத்துலதான் பேரமே நடக்கும். அங்க வாங்குறவர் கையில இருக்கிற ஆயுதம் பயம். "ஒழுகுமோ? விரிசல் பெருசாகுமோ? பத்திரத்துல சிக்கல் வருமோ?" ஒவ்வொரு பயத்துக்கும் அவர் ஒரு விலை வச்சுக் கழிப்பார். 10,000 ரூபாய் ரிப்பேருக்கு 10,000 கழிக்க மாட்டார். என்ன பிரச்சனைன்னு அவருக்குத் தெரியாததால, பாதுகாப்புக்கு ஒரு லட்சம் கழிப்பார்.

அதனால நம்ம வேலை அழகுபடுத்துறது மட்டும் இல்ல. அவர் பயப்படுற காரணங்களை ஒவ்வொண்ணா எடுக்கணும். அதுதான் குறைஞ்ச செலவுல நடக்கிற வேலையும் கூட.

முதல்ல தண்ணி

சுவர்ல ஓதம் எந்த இடத்துல இருக்குன்னு பார்த்தாலே காரணம் பாதி தெரிஞ்சிடும்.

• தரையில இருந்து சுமார் 3 அடி வரைக்கும்னா, மண்ணுல இருக்கிற ஈரம் சுவர்ல ஏறுது.
• மேல இருந்து இறங்கினா, மொட்டை மாடி.
• நடுவுல திட்டா, பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம்னா, குழாய் கசிவு.
• ஜன்னலுக்கு மேல மட்டும்னா, சன்ஷேடும் சுவரும் சேர்ற இடம்.

குழாய் கசிவைக் கண்டுபிடிக்க காசே வேணாம். ராத்திரி எல்லா டேப்பையும் மூடிட்டு, மேல்நிலைத் தொட்டியில தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்க. காலையில மோட்டார் போடுறதுக்கு முன்னாடி பாருங்க. மட்டம் இறங்கியிருந்தா எங்கயோ கசியுது.

மொட்டை மாடிக்கு, மழைநீர் குழாய் வாயை அடைச்சு 2 இன்ச் தண்ணி 24 மணி நேரம் நிறுத்திப் பார்க்கலாம். 2 இன்ச் தண்ணின்னா சதுர மீட்டருக்கு சுமார் 50 கிலோ. ஆள் நடமாடுற மாடிக்கு டிசைன்ல எடுக்கிற லைவ் லோடு சுமார் 150 கிலோ. ஆக நல்ல நிலையில இருக்கிற தளத்துக்குப் பிரச்சனை இல்ல. ஆனா சீலிங்ல காரை விழுந்து கம்பி தெரிஞ்சா இந்தச் சோதனை பண்ணாதீங்க. முதல்ல இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

பல வீடுகள்ல மாடி ஒழுகக் காரணம் ரொம்பச் சின்னது: மழைநீர் குழாய் வாயில இலை அடைப்பு, தட்டோடு இடுக்குல சாந்து போனது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில வெடிப்பு. இடுக்கைச் சுரண்டி, வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்து அடைச்சாலே பாதி சரியாகும். மொத்த மாடியையும் உடைச்சு ஓடு மாத்தணும்னு யாராவது சொன்னா, இன்னொரு கொத்தனாரையும் கேளுங்க.

சுவர்ல வெள்ளையா உப்பு பூத்திருக்கா? செங்கல்லயும் சாந்துலயும் இருக்கிற உப்பைத் தண்ணி கரைச்சு வெளிய கொண்டு வருது. தண்ணி ஆவியாகுது, உப்பு தங்குது. தண்ணி வர்ற வழியை அடைக்காம பட்டி பூசினா, உப்பு அதையும் தள்ளிட்டு வெளிய வரும். வழியை அடைச்சு, சுவரைக் காயவிட்டு, காஞ்ச பிரஷ்ஷால உப்பைத் தேய்ச்சு எடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

விரிசல்: எல்லாமே ஆபத்து இல்ல

பூச்சுல முடி மாதிரி ஓடுறது வெறும் பூச்சு விரிசல். பட்டி போதும். தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல நேரா மேலிருந்து கீழ ஓடுறது, ரெண்டு பொருளும் வேற வேற அளவு விரிஞ்சு சுருங்குறதால வர்றது. அந்தப் பட்டையில பூச்சை வெட்டி எடுத்து, வலை அடிச்சு மறுபடி பூசினா சரி. மேல்தளத்துக்குக் கீழ படுக்கையா ஓடுறது பெரும்பாலும் வெயில்ல தளம் விரியுறதால.

கவனிக்க வேண்டியது படிக்கட்டு மாதிரி செங்கல் இடுக்கு வழியா ஓடுற விரிசல். அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். கரிசல் மண் இருக்கிற ஊர்கள்ல மழைக்கு மண் உப்பி, வெயிலுக்குச் சுருங்குறதாலயும் வரும். விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு, தேதி எழுதி வைங்க. ரெண்டு மாசத்துல கோட்டைத் தாண்டுதான்னு பாருங்க. தாண்டலன்னா நல்ல சேதி. அந்தத் தேதியை வாங்க வர்றவருக்கே காட்டலாம். தாண்டினா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காம கை வைக்காதீங்க.

காரை விழுந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுற இடத்தையும் சாதாரணமா நினைக்காதீங்க. இரும்பு துருவா மாறும்போது கன அளவு பல மடங்கு கூடும். அதுதான் கான்கிரீட்டை உள்ள இருந்து தள்ளி உடைக்குது. மேல சிமெண்ட் அப்பினா உள்ள துரு தொடரும்.

இப்ப பெயிண்ட் அடிக்கலாம்

புதுசா பூசின இடம் நல்லா காயணும். 28 நாள் விடுறது வழக்கம். ஈரமும் சிமெண்ட்டோட காரத்தன்மையும் பெயிண்டை உரிச்சிடும். பிறகு பிரைமர், அதுக்கு மேல ரெண்டு கோட்.

பெயிண்டர் சொல்ற அளவை அப்படியே வாங்காம நீங்களே கணக்குப் போடுங்க. 10 × 12 அறை, உயரம் 10 அடி:

சுவர்: 2 × (10 + 12) × 10 = 440 சதுர அடி
கதவு (7 × 3), ஜன்னல் (4 × 4) கழிச்சா: 403 சதுர அடி
ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு சுமார் 60 சதுர அடின்னு வச்சா: கிட்டத்தட்ட 7 லிட்டர்

நிறம் வெளிர் நிறமா இருக்கட்டும். உங்களுக்குப் பிடிச்ச ஊதா அடுத்தவருக்குப் பிடிக்கணும்னு இல்ல. வெளிச்சம் நல்லா பரவும், அறையும் பெருசா தெரியும். கையில காசு கம்மின்னா முன்பக்கம், வாசல், ஹால் மட்டும் அடிங்க.

சின்னச் செலவு, கண்ணுல படுற வேலை

• கேட், கிரில்: துருவைத் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு பிரைமர், எனாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.
• மொசைக் தரை: பெயர்க்காதீங்க. மெஷின் வச்சு பாலிஷ் போட்டாலே கண்ணாடி மாதிரி ஆகும். புது டைல்ஸ் செலவு மிச்சம்.
• பாத்ரூம் டைல்ஸ்ல போர் தண்ணி கறை: அது சுண்ணாம்பு. வினிகரோ எலுமிச்சையோ கரைக்கும். மொசைக்லயும் மார்பிள்லயும் மட்டும் ஊத்தாதீங்க, அதையும் அரிச்சிடும்.
• ஒழுகுற டேப், பிடிக்கிற கதவு, தொங்குற ஸ்விட்ச் போர்டு: பார்க்க வர்றவர் கை முதல்ல இங்கதான் போகும்.
• 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்துல 9 வாட் எல்.இ.டி.
• 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லன்னா போடுங்க. விற்பனைக்காக மட்டும் இல்ல, அது உயிர் காக்கிற பொருள்.
• மழைநீர் சேகரிப்புக் குழியைத் தூர் வாருங்க. தமிழ்நாட்டுல 2003-ல இருந்து அது கட்டாயம். கோடையில போர்ல தண்ணி வருமான்னு கேக்கிறவருக்கு அதுவும் ஒரு பதில்.

மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது கிரானைட் பக்கம் மட்டும் போகாதீங்க. போட்ட காசு திரும்பி வர்றது கஷ்டம். வாங்குறவர் எப்படியும் தன் விருப்பத்துக்கு மாத்துவார்.

பேப்பரும் ஒரு ரிப்பேர்தான்

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், பிளான் அப்ரூவல், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில். எல்லாத்துலயும் பேர் ஒண்ணா இருக்கா? தாத்தா பேர்லயே பட்டா இருந்தா, வாரிசுச் சான்றிதழ்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு நாள் ஆகும், ஆனா செலவு கம்மி. வில்லங்கச் சான்றும் பட்டா விவரமும் ஆன்லைன்லயே பார்க்கலாம். வீட்டுல இந்த வேலையை நீங்க எடுத்துக்கோங்க. பேப்பர் சரியில்லன்னா லோன் கிடைக்காது. லோன் இல்லாம ரொக்கமா வாங்குறவர் மட்டும்தான் மிஞ்சுவார், அவர் சொல்றதுதான் விலை.

மறைச்சா என்ன?

"ஓதத்து மேல வால்பேப்பர் ஒட்டிட்டா முடிஞ்சது"ன்னு யோசனை சொல்றவங்க இருப்பாங்க. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55 படி, சாதாரணமாப் பார்த்தா தெரியாத முக்கியமான குறை சொத்துல இருக்குன்னு விக்கிறவருக்குத் தெரிஞ்சிருந்தா, அதை வாங்குறவர்கிட்ட சொல்லியே ஆகணும். சொல்லாம விடுறதை மோசடின்னே அந்தப் பிரிவு சொல்லுது.

சட்டத்தை விடுங்க. வாங்குறவரும் 20 வருஷம் இ.எம்.ஐ. கட்டப் போற ஒரு அப்பாதான். அந்தச் சீலிங்குக்குக் கீழ அவர் குழந்தை தூங்கும்.

அதனால ஒரு ஃபைல் போடுங்க. "இந்த மாசம் மாடி ஒழுகுச்சு, இப்படிச் சரி பண்ணோம், இது பில், இது முன்னாடி எடுத்த போட்டோ, இது பின்னாடி." வீடு பார்க்க வர்றவர் கையில அதைக் குடுங்க. குறையை நீங்களே சொல்லி, சரி பண்ணினதையும் காட்டினா, அவர் பயந்து கழிக்க இடமே இருக்காது.

வரிசை ஞாபகம் இருக்கட்டும்: தண்ணி, விரிசல், பேப்பர், கடைசியாதான் பெயிண்ட். இதுக்கு மூணு மாசம் போதும். அடுத்த முறை ஊருக்குப் போறப்ப ஒரு பென்சில் எடுத்துட்டு மொட்டை மாடில இருந்து ஆரம்பிங்க!