பிணியுற்ற குழந்தையும் நம் சொல்லும்

முதல் வகை நீரிழிவு குழந்தைகளையும் பற்றுகிறது. உடலின் காப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழிப்பதால் இந்நோய் தோன்றுகிறது. இனிப்பு உண்டதால் வருவதன்று. 1922ஆம் ஆண்டில் இன்சுலின் மருத்துவம் தொடங்கிய பின்னரே இக்குழந்தைகள் நெடுநாள் வாழலாயினர். ஆயினும் நாள்தோறும் ஊசி, விரல்நுனிக் குருதிச் சோதனை, அளவறிந்த உணவு ஆகியவை அவர்தம் படிப்பிலும் விளையாட்டிலும் உறக்கத்திலும் குறுக்கிடுகின்றன.

இவற்றினும் கொடியது நம் நாவால் விளைவது. ஆலயத்திலும் தசலட்சண விழாவிலும், “முற்பிறவி வினை” என்று அக்குழந்தையின் செவிபடக் கூறுகிறோம். அசாதா வேதனீய வினையால் நோய் வரும் என்பது நம் சித்தாந்தமே. ஆனால் பிறர்க்குத் துன்பமும் சோகமும் விளைத்தல் அவ்வினை வந்துசேரக் காரணமாகும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் உரைக்கிறது. ஆதலின், அச்சொல்லால் அதே வினையை நாமே தேடிக்கொள்கிறோம்.

இரவு உண்ணாமை நம் இல்லங்களின் நல்லொழுக்கம். எனினும் இன்சுலின் பெறும் குழந்தைக்கு இரவில் குருதிச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், மருத்துவர் கூறிய அளவு குளுக்கோசை உடனே கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்தல் வேண்டும். தாமதித்தால் மயக்கமும் வலிப்பும் நேரலாம். மயங்கிய குழந்தைக்கு வாய்வழி எதுவும் ஊட்டாது, விரைந்து மருத்துவ உதவி பெறுக. இரவில் கொடுத்த அக்குளுக்கோசை மருந்தாகவே கருதுக. “விரதம் கெட்டதே” என்று குழந்தை கலங்கினால், தேற்றுவதும் நம் கடமை.

பிணியுற்ற துறவியர்க்குச் செய்யும் பணியை வையாவிருத்தியம் எனப் பெயரிட்டு, அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர். அப்பரிவு நம் இல்லத்துக் குழந்தைக்கும் உரியதாகுக.