லாரி டிரைவருக்கு வீட்டு நாள் எப்படிக் கிடைக்கிறது?

சரக்கு எப்போது வரும் என்று லாரி ஆபீசுக்குப் போன் மேல் போன் செய்கிறோம். அதை ஓட்டி வருபவர் வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்பதில்லை. ஆனால் பண்டிகைக்கு முன் சரக்கு தாமதமாவதற்கும், பழகிய டிரைவர் நம் ஊர் லோடு என்றால் தயங்குவதற்கும் காரணம் இந்த வீட்டு நாள் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே வணிகர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து வெளிமாநில லாரிகளை எடுத்துக்கொள்வோம். இவற்றின் டிரைவர்களுக்கு வாரம் ஒரு நாள் லீவு என்பது நடைமுறையில் இல்லை. கணக்கெல்லாம் நடைதான். ஊரிலிருந்து லோடு ஏற்றி வடக்கே போய் இறக்குவார்கள். திரும்ப நேராக நம் பக்கம் லோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்திருந்து, வேறு மாநிலத்துக்கு ஒரு லோடு அடித்து, அங்கிருந்து ஊர்ப்பக்கம் லோடு பிடிக்க வேண்டும். இப்படி ஒரு நடை முடிய வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகுதான் சில நாள் வீடு.

அந்தச் சில நாளுக்கும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வண்டி ஓடினால்தான் படியும் நடைக்கூலியும். வண்டி நின்றாலும் உரிமையாளருக்குத் தவணையும் இன்சூரன்சும் நிற்பதில்லை. டிரைவர் நாலு நாள் கூடுதலாகத் தங்கினால் ‘ஆக்டிங் டிரைவர்’ ஏறிவிடுவார். பழைய டிரைவர் திரும்பி வரும்போது வண்டி நாக்பூரில் இருக்கும். எஃப்.சி. வேலைக்காக வண்டி பட்டறையில் நிற்கும்போது கொஞ்சம் நாள் கிடைக்கும். அதிலும் பாதி, பட்டறையில் கூடவே நிற்பதில் போய்விடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று வகை செய்திருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 20 நாள் கணக்கு உண்டு. ஆனால் பழைய சட்டம் ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளரிடம் ஓடுபவருக்கு அது எட்டவே இல்லை.

இனி நம் பங்குக்கு வருவோம். முன்பெல்லாம் எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அவை எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் பாஸ்டாக் கட்டாயம். சாலையில் வீணாகும் நேரம் குறைந்துவிட்டது. இப்போது நாள் கரைவது ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும்தான். அதாவது மண்டியிலும் நம் குடோன் வாசலிலும்.

குஜராத் ஊஞ்சாவில் சீரகம் ஏற்றிய லாரி ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் ஓடி, சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் சேலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமைக்காரர்கள் போய்விட்டார்கள். ஞாயிறு கடை லீவு. திங்கள் காலை முதலாளி வர பத்தரை. ராசிபுரத்தில் டிரைவரின் வீடு. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் போக முடியாது. தார்ப்பாய்க்குள் இருக்கும் சரக்கும் டேங்கில் இருக்கும் டீசலும் அவர் பொறுப்பு. வண்டியை விட்டுப் போய் ஒரு மூட்டை குறைந்தால் அவர் கணக்கில்தான் பிடிப்பார்கள்.

இறக்கியதும் முடிந்துவிடாது. லாரி ரசீதில் நம் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். பாக்கி வாடகை வேண்டும். இரண்டையும் கொண்டுபோய் உரிமையாளரிடம் நடைக்கணக்கு முடித்தால்தான் கையில் பணம் வரும், வீட்டுக்குப் போகலாம். “கணக்குப்பிள்ளை வரட்டும், சாயந்தரம் வா” என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அவருடைய வீட்டு நாளில் ஒன்று. ஹால்டிங் வாடகை கொடுத்துவிடுகிறோமே என்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் வண்டிக் கணக்கில் போய்ச் சேரும். போன நாள் டிரைவருக்குத் திரும்பாது.

நமக்குச் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. வண்டி ஓசூர் தாண்டும்போதே போன் செய்யச் சொல்லி, சுமைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எடையில் குறைவு என்றால் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, வழக்கை அனுப்பியவரோடு பேசிக்கொள்ளலாம். அதற்காக வண்டியை நிறுத்தி வைப்பதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இறக்க வழியில்லையா? காம்பவுண்டுக்குள் வண்டியை விடச் சொல்லி, சீல், தார்ப்பாய் நிலையைப் பார்த்து எழுதிக்கொண்டு, வாட்ச்மேன் பொறுப்பில் வைத்து டிரைவரை அனுப்பலாம். இதற்கு உரிமையாளரின் சம்மதம் முதலில் வேண்டும். அதை வாயால் கேட்பதோடு நிறுத்தாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பண்டிகைக் கொள்முதலுக்கும் இதே கணக்குதான். போகிக்குள் ஊர் திரும்ப முடியாது என்று தெரிந்தால், மார்கழிக் கடைசியில் வடக்கே லோடு எடுக்கப் பல டிரைவர்கள் சம்மதிப்பதில்லை. போகும் வண்டி குறைந்தால் வரும் வண்டியும் குறையும். காணும் பொங்கல் முடிந்து கிளம்பும் வண்டி அங்கே இறக்கி, லோடு பிடித்துத் திரும்பத் தை பாதியாவது ஆகும். தீபாவளிக்கோ இங்கே வண்டிகள் நிற்பதோடு, லாசல்கான் வெங்காய மண்டி போன்ற வட மாநிலச் சந்தைகளும் பல நாள் மூடிக்கிடக்கும். ஆகவே பொங்கலுக்கான துவரையும் மல்லியும் சீரகமும் மார்கழி முதல் வாரத்திலேயே ஏற்றப்படும்படி ஆர்டர் கொடுப்பதும், தை பாதி வரைக்குமான இருப்பைச் சேர்த்தே வாங்குவதும் உசிதம். இடத்துக்கும் வட்டிக்கும் கொஞ்சம் பிடிக்கும்தான். கடைசி வாரத்தில் கேட்கும் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.