ஒன்பதரை லட்ச ரூபாயில் ஒரு கௌபாய்

கேள்வி: கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ மிக மலிவாக எடுத்த படம் என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு செலவானது? எப்படி முடிந்தது?

பதில்: சுமார் 2 லட்சம் டாலர். படம் எடுத்தது 1964இல். அன்று ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. நம் கணக்கில் ஒன்பதரை லட்ச ரூபாய். ஹாலிவுட்டின் முன்னணி நட்சத்திரம் ஒருவரின் சம்பளத்துக்கே இது காணாது.

இந்தப் படத்தின் மேல் தயாரிப்பாளர்களுக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ரோமில் இருந்த ஜாலி ஃபிலிம் நிறுவனம் அந்த நேரத்தில் ஸ்பெயினில் வேறொரு கௌபாய் படத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. மரியோ கயானோ இயக்கம், அமெரிக்க நடிகர் ராட் கேமரன் ஹீரோ. அதுதான் அவர்களுக்கு ‘பெரிய’ படம். செர்ஜியோ லியோனி இயக்கிய இந்தப் படம் முதல் பந்தியில் மிஞ்சியதை வைத்து நடத்திய இரண்டாம் பந்தி. அங்கே பயன்படுத்திய ஆட்கள், உடைகள், செட்டுகள் பலவும் இங்கேயும் வந்தன. இன்று அந்த ‘பெரிய’ படத்தின் பெயரைச் சொன்னால் சினிமாப் பைத்தியங்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

பணம் மூன்று நாடுகளிலிருந்து வந்தது: இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி. கௌபாய் கதையில் ஜெர்மானியருக்கு என்ன அக்கறை என்று தோன்றும். கார்ல் மே என்ற ஜெர்மன் எழுத்தாளர் அமெரிக்க மேற்குப் பகுதிக்கே போகாமல், அங்கே நடப்பதாகக் கதைகளை எழுதிக் குவித்தவர். அவருடைய நாவல் ஒன்றை 1962இல் யுகோஸ்லாவியாவில் படமாக்கினார்கள். ஐரோப்பா முழுக்க நன்றாக ஓடியது. அமெரிக்கா இல்லாமலே கௌபாய் படம் எடுக்கலாம், காசும் பார்க்கலாம் என்று அதற்குப் பிறகுதான் பலருக்குத் துணிவு வந்தது. லியோனிக்கு முன்பே இத்தாலியில் இருபதுக்கு மேற்பட்ட கௌபாய் படங்கள் வந்துவிட்டன. இந்த வகையைத் தொடங்கியவர் அவர் என்று எழுதுவது தவறு.

அடுத்து ஹீரோ. லியோனி முதலில் ஆசைப்பட்டது ஹென்றி ஃபோண்டாவுக்கு. கட்டுப்படியாகவில்லை. ஜேம்ஸ் கோபர்ன் 25,000 டாலர் கேட்டார், அதுவும் முடியவில்லை. சார்லஸ் பிரான்சன் மறுத்துவிட்டார். ரோமிலேயே இருந்த ரிச்சர்ட் ஹாரிசன் என்ற அமெரிக்க நடிகர் தானும் மறுத்துவிட்டு, ‘ராஹைட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நடிக்கும் ஒரு இளைஞனைக் கைகாட்டினார். ‘சினிமாவுக்கு நான் செய்த பெரிய சேவை அதுதான்’ என்கிற பொருளில் அவரே பின்னாளில் தமாஷாகச் சொல்லிக்கொள்வார். ஈஸ்ட்வுட் 15,000 டாலருக்கு ஒப்புக்கொண்டு, தொடருக்கு விடுமுறை விட்ட மாதங்களில் விமானம் ஏறினார். கறுப்பு ஜீன்ஸைத் தானே கடையில் வாங்கினார். பூட்ஸும் துப்பாக்கி உறையும் ‘ராஹைட்’டில் போட்டவை. சுருட்டும் அவர் கொண்டுபோனதுதான். இத்தனைக்கும் அவருக்குப் புகைப்பழக்கம் கிடையாது! திரையில் அந்த முகம் எப்போதும் கடுகடுவென்று இருந்ததற்கு அந்தச் சுருட்டுக்கும் பங்கு உண்டு.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பிலிம் சுருள். அகலத்திரைப் படம் என்றால் அன்று சினிமாஸ்கோப். அதற்கு விசேஷ லென்ஸ் வேண்டும், வாடகை அதிகம். டெக்னிகலரின் இத்தாலியக் கிளை ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தது. அதற்கு டெக்னிஸ்கோப் என்று பெயர். சாதாரணமாக ஒரு சட்டகத்துக்குப் பிலிமின் ஓரத்தில் நான்கு துளை அளவு இடம் போகும். டெக்னிஸ்கோப்பில் இரண்டு துளைதான். ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடம் ஓடுவதற்குப் பதில் 22 நிமிடம் ஓடும். பிலிம் செலவு பாதி. சட்டகம் தானாகவே அகலமாக அமைந்துவிடுவதால் விசேஷ லென்ஸும் வேண்டாம், சாதாரண லென்ஸ் போதும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. அன்றைய சினிமாஸ்கோப் லென்ஸை முகத்துக்கு அருகே கொண்டுபோனால் கன்னம் வீங்கியதுபோலத் தெரியும். சாதாரண லென்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணும் புருவமும் வியர்வையும் மட்டும் திரையை நிறைக்கும் லியோனியின் அந்தப் பிரம்மாண்டமான குளோஸ்அப் இருக்கிறதே, அதை எடுக்க முடிந்ததில் இந்தச் சிக்கன ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை வெறும் ‘இயக்குநரின் பாணி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் விமர்சகர்கள் ஒரு தடவை கணக்கு நோட்டையும் புரட்டிப் பார்க்கலாம்.

இசையும் அப்படித்தான். பெரிய வாத்தியக்குழுவுக்குப் பணம் இல்லை. என்னியோ மோரிக்கோனே விசில், சாட்டைச் சத்தம், மணி, மின்கிதார் ஆகியவற்றை வைத்தே சமாளித்தார். விசில் அடித்தவர் அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனி. படப்பிடிப்பில் ஒலிப்பதிவே இல்லை. வசனமெல்லாம் பிறகு டப்பிங். அவரவர் தம் மொழியில் பேசி நடித்தார்கள். ஈஸ்ட்வுட் ஆங்கிலத்தில், வில்லன் இத்தாலியத்தில்.

கேள்வி: வசூல் எவ்வளவு? ஒரு இடத்தில் 40 லட்சம் டாலர் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 1.45 கோடி என்கிறார்கள். எது பொய்?

பதில்: இரண்டுமே பொய் இல்லை. நம்மூர் விநியோகஸ்தர் யாரையாவது கேளுங்கள், கிராஸ் வேறு, ஷேர் வேறு என்பார். ரசிகன் டிக்கெட் கவுண்டரில் கொடுத்தது மொத்த வசூல். தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு விநியோகஸ்தருக்குப் போவது ஷேர். அமெரிக்காவில் அறுபதுகளில் ‘வெரைட்டி’ முதலான தொழில் பத்திரிகைகள் வெளியிட்டது ஷேரைத்தான். இந்தப் படத்துக்கு அது 40 லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. மறுவெளியீடுகளையும் சேர்த்து அமெரிக்காவில் டிக்கெட் விற்ற மொத்தத் தொகையாக இன்று தருவது 1.45 கோடி. பழைய படங்களின் வசூலை ஒப்பிடும்போது ஒரு படத்துக்கு கிராஸையும் இன்னொன்றுக்கு ஷேரையும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் ஏராளம்.

இத்தாலியில் 1964 செப்டம்பரில் ஃப்ளாரன்ஸ் நகரத்துத் தியேட்டர் ஒன்றில் பெரிய விளம்பரம் இல்லாமல் வெளியானது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. போஸ்டரில் இயக்குநர் பெயர் ‘பாப் ராபர்ட்சன்’. இத்தாலியன் எடுத்த கௌபாய் படம் என்றால் இத்தாலியனே பார்க்கமாட்டான் என்ற பயம். லியோனியின் தந்தையும் இயக்குநர். ரொபெர்த்தோ ரொபெர்த்தி என்பது அவருடைய திரைப்பெயர். அந்த ரொபெர்த்தோவின் மகன் என்பதால் ராபர்ட்சன். மோரிக்கோனே ‘டான் சாவியோ’ ஆனார். படம் ஓடிய பிறகு இந்த வேஷம் தேவைப்படவில்லை.

கேள்வி: ஜப்பானியப் படத்தின் காப்பி என்று வழக்கு நடந்ததாமே?

பதில்: நடந்தது. அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) படத்தில் ஒரு ஊர், அடித்துக்கொள்ளும் இரண்டு கும்பல், இரண்டு பக்கமும் கூலி வாங்கி இரண்டையும் ஒழிக்கும் வழிப்போக்கன். லியோனி வாளுக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுத்தார். காட்சிக்குக் காட்சி ஒற்றுமை. உரிமை வாங்கவில்லை. பட்ஜெட்டில் மிச்சம் பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று, பின்னால் அதிக வட்டியோடு கட்ட வேண்டிவந்தது.

அதைத் தயாரித்த தோஹோ நிறுவனமும் குரோசாவாவும் விடவில்லை. இத்தாலியத் தரப்பு, இதே கதை டாஷியல் ஹாமெட்டின் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ (1929) நாவலில் இருக்கிறது, 18ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் கோல்தோனியிடம்கூட இருக்கிறது என்று வாதாடிப் பார்த்தது. முடிவில் சமரசம்: உலக வசூலில் 15 சதவீதம், அதோடு ஜப்பான், தைவான், தென்கொரியா விநியோக உரிமை. ‘யோஜிம்போ’வில் சம்பாதித்ததைவிட இந்தப் பங்கில் குரோசாவாவுக்கு அதிகம் கிடைத்தது என்று சொல்வதுண்டு. இந்தத் தகராறால் படம் அமெரிக்காவுக்குப் போகத் தாமதமானது. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1967 ஜனவரியில் வெளியிட்டது. அதற்குள் அடுத்த இரண்டு படங்களும் இத்தாலியில் தயார். ஆக அமெரிக்க ரசிகனுக்கு ஒரே ஆண்டில், ஜனவரி, மே, டிசம்பர் என்று மூன்று தவணையில் ஈஸ்ட்வுட் கிடைத்தார்.

கேள்வி: அடுத்த படங்களிலும் இதே மாதிரி லாபமா?

பதில்: தொகை கூடியது, மடங்கு குறைந்தது. ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ செலவு 6 லட்சம் டாலர், அமெரிக்க வசூல் 1.5 கோடி. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ செலவு 12 லட்சம், வசூல் 2.5 கோடி. முதல் படம் போட்ட பணத்தைப்போல் எழுபது மடங்குக்கு மேல் டிக்கெட் விற்றது. மூன்றாவது இருபது மடங்கு. எல்லாம் அமெரிக்காவில் மட்டும். ஈஸ்ட்வுட்டின் சம்பளம் 15,000இலிருந்து 50,000, பிறகு இரண்டரை லட்சமும் லாபத்தில் பங்கும்.

மூன்றாவது படத்தின் செலவிலும் ஸ்பெயின் ராணுவம் கைகொடுத்தது. பாலம் கட்டினார்கள், கல்லறை மைதானம் அமைத்தார்கள், துணை நடிகர்களாக நின்றார்கள். பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் பொறுப்பை ஒரு ராணுவ அதிகாரியிடம் விட்டிருந்தார்கள். அவர் சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, கேமரா ஓடுவதற்கு முன்பே தகர்த்துவிட்டார். ராணுவமே மறுபடியும் கட்டிக்கொடுத்தது. சொந்தச் செலவில் கட்டச் சொல்லியிருந்தால் லியோனியின் கதி என்ன ஆகியிருக்குமோ!

1968இல் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ எடுக்கும்போது பாரமவுண்ட் பணம் கொடுத்தது. கட்டுப்படியாகாத ஃபோண்டா வில்லனாக வந்தார், மறுத்த பிரான்சன் ஹீரோ. ஐரோப்பாவில், குறிப்பாகப் பாரிஸில், ஓட்டமாக ஓடியது. அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கி வெளியிட்டும் சோபிக்கவில்லை.

கேள்வி: தமிழ் கௌபாய் படங்கள் இதிலிருந்து வந்தவைதானா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கி, கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ (1971) லியோனியின் படங்களைப் பார்த்து எடுத்தது. தமிழில் ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்று டப்பிங் ஆனது. நம் பக்கம் ஒளிப்பதிவாளர் கர்ணன் தானே இயக்கி, ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றினார். 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’. கதையைவிட கேமராவுக்காகப் பார்க்க வேண்டியவை. சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) இந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கேலி செய்தது. கர்ணன் படங்களைப் பார்க்காமல் அதைப் பார்த்தால் பாதி நகைச்சுவை புரியாது.