பாழ்நிலம் பூங்காவான வரலாறு

வேம்பநாட்டுக் காயலில் அமைந்துள்ள வெலிங்டன் தீவு இயற்கை தந்த தீவு அன்று. மனித உழைப்பால் எழுந்தது. 1920ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை அகற்றி ஆழமான கப்பல் வழியை அமைத்தார். 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் அவ்வழியே உள்துறைமுகத்தை அடைந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணும் சேறும் வீணாகவில்லை. அவை வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டப்பட்டுப் பல நூறு ஏக்கர் நிலமாயின. இன்று துறைமுக அலுவலகங்களும் குடியிருப்புகளும் பள்ளியும் நிற்கும் இடம், நூறாண்டுகளுக்கு முன் நீர்ப்பரப்பாக இருந்தது.

நிலத்தை ஆக்க வல்ல மனிதர், அதனைப் பாழாக்கவும் வல்லவர். பாழானதை அவரே மீட்கவும் இயலும். இதற்குச் சான்றாகச் சென்னை அடையாற்றின் கழிமுகத்தில் ஒரு பூங்கா உள்ளது.

கழி, கழிவுக் கிடங்கானது

அடையாறு வங்கக்கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றிலிருந்து பிரிந்து நகரின் உள்ளே வளைந்து செல்லும் நீர்ப்பகுதி அடையாற்றுக் கழியாகும். ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும்; இறங்கும்போது வெளியேறும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இத்தகைய இடங்களில் மீனும் நண்டும் இனம் பெருக்கும். அவற்றை நாடிப் பறவைகள் வரும்.

நகரம் வளர வளர, மக்கள் இக்கழியைப் பயனற்ற சேற்றுநிலம் என்று கருதத் தொடங்கினர். பயனற்றது என்று பெயர் பெற்றபின் அதனைக் காப்பார் இல்லை. இடிந்த கட்டடங்களின் செங்கல்லும் கற்காரையும் வண்டி வண்டியாக அங்கே கொட்டப்பட்டன. குப்பை குவிந்தது, கழிவுநீர் கலந்தது. நீரோட்டம் தடைப்பட்டது. எஞ்சிய பரப்பையும் கட்டடங்களுக்கு இரையாக்கலாகாது என்று குடிமக்கள் சிலர் நீதிமன்றத்தை நாடினர்.

நிலம் பற்றிய பழந்தமிழ் நோக்கு

பழந்தமிழ் இலக்கணத்தின் நிலப்பகுப்பு பயனுள்ளது, பயனற்றது என்னும் பிரிவன்று. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நால்வகை நிலங்களைக் கூறுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம், பறவை, விலங்கு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று வகுக்கிறது. கடலும் கழியும் சார்ந்த இடம் நெய்தல். பாலையோ தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டபோது பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். எந்த நிலமும் பிறப்பிலேயே பாழன்று. இயல்பு கெடும்போதே பாழாகிறது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. கெட்ட இயல்பைத் திருப்பித் தந்தால் நிலமும் திரும்பும்.

மீட்புப் பணி

அடையாற்றில் நிகழ்ந்ததும் அதுவே. 2006ஆம் ஆண்டு இப்பணிக்கெனத் தமிழ்நாடு அரசு ஓர் அறக்கட்டளையை நிறுவியது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர் திட்டத்தை வகுத்தனர். 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அங்கிருந்தது மண்ணரிப்புற்ற வறண்ட செம்மண் மேடு. அதைக் காடாக்கிய பட்டறிவு அவர்களுக்குத் துணைநின்றது.

பாழ்நிலத்தைப் பூங்காவாக்குதல் என்றவுடன் மரக்கன்று நடுதலே பலர் நினைவுக்கு வரும். இங்கோ நடுவதற்கு முன் அகற்ற வேண்டியிருந்தது. முதலில் குப்பையும் இடிபாடும் வெளியேற்றப்பட்டன. அடுத்து, தூர்ந்த இடங்கள் ஆழப்படுத்தப்பட்டு, ஓதநீர் மீண்டும் வந்துபோக வழி செய்யப்பட்டது. அதன் பின்னரே நடவு தொடங்கியது. உவர்நீரைத் தாங்கும் அலையாத்திச் செடிகள் நீர்விளிம்பிலும், அம்மண்ணுக்கே உரிய மரங்களும் புதர்களும் மேட்டிலும் நடப்பட்டன. அழகுக்காக அயல்நாட்டுப் புல்லை விரிக்கவில்லை. உரிய செடி இருந்தாலன்றி உரிய பூச்சியும், பூச்சி இருந்தாலன்றிப் பறவையும் வாரா.

58 ஏக்கர் பரப்பில் முதற்கட்டப் பணி முடிந்து, 2011ஆம் ஆண்டு ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரில் அது திறக்கப்பட்டது. விளையாட்டுத் திடலாகவோ பொழுதுபோக்குக் கூடமாகவோ அது அமையவில்லை. பள்ளி மாணவர்களின் சூழலியல் கல்விக்கே முதலிடம் தரப்பட்டது. அளவின்றி மக்கள் திரண்டால் பறவைகள் அகலும். எவரும் நுழைய இயலாவிடின், அது தம்முடையது என்னும் உணர்வு மக்களுக்கு வாராது. இவ்விரண்டுக்கும் இடையே நடுநிலை காண்பது எளிதன்று. மீட்ட நிலத்தைக் காக்கும் ஒவ்வோர் ஊரும் இவ்வினாவை எதிர்கொள்கிறது.

கொச்சிக்கு ஒரு பாடம்

கொச்சிக்கு இது தொலைவான செய்தி அன்று. நகரின் குப்பை குவிக்கப்பட்ட பிரம்மபுரத்தில் 2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் பற்றிய தீ, பத்து நாள்களுக்கும் மேலாகப் புகைந்தது. நகர மக்கள் நச்சுப்புகையைச் சுவாசிக்க நேர்ந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கண்ணுக்கு மறைவாகக் கொட்டப்பட்ட குப்பை, புகையாய் வீடு தேடி வந்தது.

அதே நகரின் நடுவே, உயர்நீதிமன்றத்துக்குப் பின்புறம், மங்களவனம் என்னும் சிறு அலையாத்திக் காடு பறவைகளுக்குப் புகலிடமாக இருக்கிறது. மலையாளத்தில் இக்காட்டுக்குக் ‘கண்டல்காடு’ என்று பெயர். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துக்குரியதாக வரும் கண்டலும் இதுவே. சேற்றிலிருந்து எழுந்த வெலிங்டன் தீவின் பிள்ளைகளுக்கு இச்சொல் இரு மொழிக்கும் பொதுவான செல்வமாகும். சேற்றைச் சேறென்று இகழாது, அதன் இயல்பறிந்து காத்தலே நிலத்தை மீட்பதன் முதற்படி.

சொற்பொருள்

கழி – கடல்நீர் வந்து தேங்கும் உப்பங்கழி
ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
உவர்நீர் – உப்புநீர்
வெம்மை – வெப்பம்
பட்டறிவு – அனுபவம்

பயிற்சி

1. வெலிங்டன் தீவு எவ்வாறு உருவாயிற்று?
2. ‘பயனற்றது’ என்னும் பெயர் அடையாற்றுக் கழிக்கு எவ்வாறு தீங்காயிற்று?
3. பாலை குறித்துச் சிலப்பதிகாரம் தரும் விளக்கத்தை இப்பாடத்தின் செய்தியோடு பொருத்தி எழுதுக.
4. பிரித்து எழுதுக: மண்ணரிப்பு, கழிமுகம், செம்மண்.
5. மீட்கப்பட்ட பூங்காவில் அனைவரையும் எந்நேரமும் அனுமதிக்கலாமா? இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.
6. உங்கள் குடியிருப்பின் அருகே கவனிப்பாரற்றுக் கிடக்கும் இடம் ஒன்றைக் கண்டு, அங்கே முதலில் அகற்ற வேண்டியவை எவை, அடுத்து நட வேண்டியவை எவை எனப் பட்டியலிடுக. அவ்விடத்தின் பழைய நிலையைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.