கூடத்துக்கு ஏற்ற தரை

(பத்தாம் வகுப்பு மாணவி)

அந்நாளில் வீடென்றால் திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே அமைந்திருந்தது. இந்நாளில் நகரங்களில் கட்டப்படும் வீடுகள் பலவற்றில் வரவேற்பறைக்கும், சாப்பிடும் இடத்துக்கும், சமையலறைக்கும் இடையே சுவரே இல்லை. எல்லாம் ஒரே நீண்ட கூடம். காற்றும் வெளிச்சமும் தடையின்றி வருகின்றன. அடுப்படியில் நிற்கும் அம்மா தனித்திருக்க வேண்டியதுமில்லை. ஆனால் விருந்தினர் அமர்வதும், நாம் படிப்பதும், உண்பதும், மாலையில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்வதும் அந்த ஒரே தரையில்தான். சுவரின் நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் மாற்றிவிடலாம். தரையை அவ்வாறு எளிதில் மாற்ற முடியாது. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவது நமக்குப் பயன் தரும்.

தரையின் வகைகள்:

சிமெண்டுடன் இரும்பு ஆக்சைடு கலந்து பூசப்படும் சிவப்புத் தரை நம் பாட்டிமார் காலத்திலிருந்து வருவது. நடக்க நடக்க வழவழப்பாகும். ஆனால் பூச்சு வேலையில் கைத்திறன் குறைந்தால் வெடிப்பு விடும். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, கையாலேயே செய்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். சலவைக்கல் துண்டுகளைச் சிமெண்டில் பதித்து, இயந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குவது மொசைக். இன்று மிகுதியாக விற்பனையாகும் விட்ரிஃபைட் ஓடுகள் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சுவதால் கறை எளிதில் பிடிப்பதில்லை.

இங்கே நம் வேதியியல் பாடமும் உதவுகிறது. சலவைக்கல்லிலும் கடப்பைக் கல்லிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் அமிலம் அதனோடு வினைபுரிந்து கரியமில வாயு வெளியேறும். கல்லில் மங்கிய தழும்பு தங்கிவிடும். எனவே சமையலிடமும் கூடமும் ஒன்றாயிருக்கும் வீட்டில் இக்கற்களைப் பதிக்குமுன் யோசிக்க வேண்டும்.

நாங்கள் கற்ற பாடம்:

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஓடு வாங்கச் சென்றபோது, முகம் தெரியும் அளவுக்கு மின்னிய வெள்ளை ஓட்டைக் காட்டி, "இதுதான் வேண்டும், அப்பா" என்று பிடிவாதம் பிடித்தவள் நான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். கூடத்தின் மூலையில் கை கழுவும் தொட்டி இருக்கிறது. ஓர் இரவு நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஈரக் கையை உதறிக்கொண்டே படிக்கப் போய்விட்டேன். வெள்ளைப் பளபளப்பில் நீர்த்துளிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்து வந்த பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் பாட்டி முழந்தாளிட முடியாமல் கட்டிலில் இருந்தபடியே ஜெபமாலை சொன்னார்கள். "தண்ணீர் சிந்தியது நான்தான், பாட்டி" என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும் கண்ணு. இனிமேல் துடைத்துவிடு, போதும்" என்றார்கள்.

பிறகுதான் காரணத்தைத் தேடினேன். காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வே நம்மை நிற்க வைக்கிறது. பளபளப்பான ஓட்டின்மேல் நீர் படலமாகப் பரவினால் அந்த உராய்வு வெகுவாகக் குறைகிறது. சற்றுச் சொரசொரப்பான, மினுமினுப்பில்லாத 'மேட்' ஓடு ஈரத்திலும் காலைப் பிடித்துக்கொள்ளும். இப்போது தொட்டியடியிலும் சமையலிடத்திலும் அவ்வகை ஓட்டையே அதே நிறத்தில், அதே மட்டத்தில் பதித்திருக்கிறோம். மட்டம் சிறிது உயர்ந்தாலும் முதியோரின் கால் தடுக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

கடை விளக்கின் ஒளியை நம்பாமல், மாதிரி ஓடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதில் நீர் தெளித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். கூடம் 24 அடி நீளமும் 12 அடி அகலமும் ஆனால் பரப்பு 288 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி ஓடு ஒன்று 4 சதுர அடி. ஆக 72 ஓடுகள். வெட்டுவதிலும் உடைவதிலும் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 80 ஓடுகளாக ஒரே தடவையில் வாங்குவது நலம். பின்னர் வாங்கினால் நிறம் சற்று மாறியிருக்கக்கூடும்.

அலங்காரம்:

சுவரில்லாத கூடத்தில் தரை முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் இடம் பெரிதாகத் தோன்றும். பிரிவு காட்ட விரும்பினால் நாற்காலிகளின் வரிசையாலும், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்காலும், ஒரு விரிப்பாலும் காட்டலாம். விரிப்பின் அடியில் ரப்பர் பிடிமானம் இருக்க வேண்டும். இல்லையேல் அதுவே வழுக்கும். மனையியலில் 'முனைப்பு' என்றொரு விதி உண்டு. கண் முதலில் சென்று தங்க ஓரிடம் வேண்டும் என்பது அதன் பொருள். திரு இருதய ஆண்டவர் படம் இருக்கும் சுவரை அவ்விடமாகக் கொண்டு, மற்றச் சுவர்களை வெளிர் நிறத்தில் எளிமையாக விடலாம். இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு ஒன்று எரியட்டும்.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் பலர் வீடு கட்டுவோம். சிலர் பொறியாளராகிப் பிறருக்கும் கட்டிக் கொடுப்போம். அப்போது விருந்தினரின் கண்ணுக்கு முன்னே, வீட்டிலுள்ள மிக மூத்தவரின் காலையும் தவழும் குழந்தையின் முழங்காலையும் நினைப்போம். அவர்கள் அஞ்சாமல் நடமாடும் தரையே அழகிய தரை. அதுவரை நம் வீட்டில் சிந்திய தண்ணீரை நாமே துடைப்போம்.